புதிய ஆசிரியருக்கு முதல் மாதம்

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம் மக்களின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி திறந்த காலத்தில், பள்ளிக்குள் நுழைவதே பெரும்பாடாக இருந்தது. பின்வந்த பெருந்தலைவர் எம்.சி. ராஜா பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர். அன்றைய கேள்வி, கதவு திறக்குமா என்பது. உள்ளே நிற்கும் ஆசிரியர் நம் பிள்ளைகளை எவ்வாறு நோக்குகிறார், எத்தனை நாள் நிற்பார் என்பது இன்றைய கேள்வி.

கலந்தாய்வில் ஆணை பெற்று வரும் இளம் ஆசிரியரை நாம் எவ்வாறு வரவேற்கிறோம்? பதிவேட்டில் ஒரு கையொப்பம். எவரும் ஏற்க விரும்பாத வகுப்பு. தேங்கிக்கிடக்கும் எழுத்து வேலை. நண்பகலில் ஆசிரியர் அறையில் ஒருவர், "காலனிப் பிள்ளைகள்தாமே, அதிகம் மெனக்கெடாதீர்கள்" என்பார். பி.எட். படிப்பு 2015இல் ஈராண்டாக்கப்பட்டது. அவ்வீராண்டுப் பயிற்சியையும் கெடுக்க அந்த ஒரு சொல் போதும்.

நம் குறையையும் மறைப்பதற்கில்லை. பணியேற்ற முதலாண்டில், நாள்தோறும் பிந்தி வந்த ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவனை அடித்தோம். விடியலில் தாய் நடவுக்குப் போய்விட, தங்கைக்குச் சோறூட்டிவிட்டு அவன் வந்தான் என்பதை எவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மறுநாள் முதல் அவன் வரவேயில்லை. நாமும் அத்தகைய தெருவில் பிறந்தவர்தாம். பிறப்பு மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடுவதில்லை.

ஆகவே, தலைமையாசிரியரானபின் சிலவற்றைச் செய்து பார்த்தோம். புதியவருக்கு முதல் மாதம் பாடவேளைகளைக் குறைத்தோம். மூத்த ஆசிரியர் ஒருவரின் வகுப்பில் அவர் அமர்வார்; அவர் வகுப்பில் மூத்தவர் அமர்வார்; குறிப்பேடு ஏதுமின்றி மாலையில் இருவரும் பேசுவர். குறை காண வந்தவர் என்ற அச்சம் நீங்கவே இரண்டு வாரம் ஆகிறது.

முதல் சனிக்கிழமை மாலை அவரைத் தெருவுக்கு அழைத்துச் செல்கிறோம். பிள்ளை எவ்விடத்தில் அமர்ந்து படிக்கிறது, விளக்கு உண்டா, தாய் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறாள் என்பவற்றை அவர் கண்ணால் காண வேண்டும். ஏதேனும் ஒரு வீட்டில் தேநீர் தருவார்கள். அதை அவர் வாங்கிப் பருகினாரா, கையில் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தாரா என்பது திங்கட்கிழமை காலைக்குள் பள்ளி முழுவதும் தெரிந்துவிடும்! ஓர் ஆசிரியை இரண்டாம் குவளை கேட்டு வாங்கினார். பள்ளியை விட்டு நின்றிருந்த சிறுமியர் இருவர் அவ்வாரமே திரும்பி வந்தனர்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். ஆசிரியர் சரியில்லை, மாற்றுங்கள் என மனு எழுதும்போது மட்டும் பள்ளிக்கு வருகிறீர்கள். அவர் பணியேற்கும் நாளில் வாருங்கள். வெளியூரிலிருந்து வரும் இளம் ஆசிரியைக்கு வாடகைக்கு வீடு தேடித் தருவதும் கல்வித் தொண்டே. வீடு கிடைக்காமலே மாறுதல் கேட்டவர்களை நாம் அறிவோம்.

வரும் கல்வியாண்டில் எம் பள்ளிக்குப் புதியவர் எவரேனும் வந்தால், அந்த முதல் சனிக்கிழமைக்கு உங்களுள் இருவர் உடன்வர வேண்டும். பெயர்களை இன்றே தந்துவிட்டுச் செல்லுங்கள்.