பெயர் என்னும் அமானிதம்

(உடுமலைப்பேட்டையில் ஆற்றிய ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தேன். இளைஞர் ஒருவர் வந்தார். முதல் குழந்தை, பெண் குழந்தை பிறந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. முகமெல்லாம் மகிழ்ச்சி. “ஹஜ்ரத்! யாரும் வைக்காத பெயராக வைக்க வேண்டும் என்று தேடினோம். குர்ஆனைத் திறந்து, கண்ணில் பட்ட அழகான சொல்லை எடுத்துக்கொண்டோம். ‘லைஸா’ என்று வைக்கப் போகிறோம். துஆச் செய்யுங்கள்” என்றார்.

நான் சற்று நேரம் பேசவில்லை. ‘லைஸ’ என்பது குர்ஆனில் உள்ள சொல்தான், ஐயமில்லை. ஆனால் அதன் பொருள் ‘இல்லை’ என்பதாகும். ஒன்றை மறுப்பதற்கு அரபியர் பயன்படுத்தும் சொல் அது. அல்லாஹ் அருளிய ஒரு பெண் மகவை, ஆயுள் முழுவதும் ‘இல்லை, இல்லை’ என்று அழைப்பதா? அந்த இளைஞரின் நோக்கம் தூயது. ஆனால் அறிவு துணை வராத நோக்கம் எங்கே கொண்டு நிறுத்துகிறது பாருங்கள்!

புதுமையான பெயர் குற்றமா?

பெரியவர்கள் சிலர், “இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பெயர் வாயில் நுழைவதே இல்லை” என்று சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் அரிதான பெயர் என்பதால் மட்டும் ஒரு பெயர் தவறாகிவிடாது. ஜகரிய்யா (அலை) அவர்களுக்கு முதுமையில் மகன் பிறக்கப் போவதாக நற்செய்தி சொன்ன அல்லாஹ், ‘யஹ்யா’ என்ற பெயரையும் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தான். அதற்கு முன் அப்பெயர் எவருக்கும் சூட்டப்பட்டதில்லை என்று சூரா மர்யமில் குறிப்பிடுகிறான். ஆக, புதுப் பெயர் சூட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. பொருளற்ற பெயரும், தீய பொருளுடைய பெயருமே தவிர்க்கப்பட வேண்டியவை.

நபி (ஸல்) அவர்கள் இதில் எவ்வளவு கவனம் செலுத்தினார்கள் தெரியுமா? உமர் (ரலி) அவர்களின் மகளுக்கு ‘ஆஸியா’ என்று பெயர் இருந்தது. மாறு செய்பவள் என்பது அதன் பொருள். அதை ‘ஜமீலா’, அழகானவள் என மாற்றினார்கள் (நூல்: முஸ்லிம்). பெரும் தாபியீயான ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களின் பாட்டனாருக்கு ‘ஹஜ்ன்’ என்று பெயர். கரடுமுரடான நிலம் என்று பொருள். ‘ஸஹ்ல்’, மென்மையானது என்று மாற்றிக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அவரோ, தம் தந்தை வைத்த பெயரை மாற்ற மாட்டேன் என்றார். அந்தக் கடுமை அதன் பிறகும் தம் குடும்பத்தில் நீங்காமல் இருந்ததாகப் பேரர் வருந்திச் சொன்னதை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மேலும், மன்னர்களுக்கெல்லாம் மன்னன் என்னும் பொருள் தரும் பெயரை அல்லாஹ் மிகவும் வெறுக்கிறான் என்றும், அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் ஆகிய பெயர்கள் அவனுக்கு மிகவும் விருப்பமானவை என்றும் ஹதீஸ்கள் அறிவிக்கின்றன.

தமிழ் எழுத்தில் மறையும் பொருள்

சகோதரர்களே! இங்கே நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. அரபியில் வெவ்வேறாக ஒலிக்கும் எழுத்துகள் தமிழில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. சற்று முன் சொன்ன ‘ஆஸியா’வையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிர்அவ்னின் கொடுமையிலும் ஈமானைக் காத்த அந்த உத்தமியின் பெயரும் ஆஸியா அம்மையார்தானே! அவர்களின் பெயர் அலிஃபும் ஸீனும் கொண்டது. ஆறுதலும் மருந்தும் தருபவள் என்ற வேரைச் சேர்ந்தது. நபி (ஸல்) அவர்கள் மாற்றிய பெயரோ ஐனும் ஸாதும் கொண்டது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே!

‘அலீம்’ என்பதை ஐன் கொண்டு எழுதினால், அனைத்தையும் அறிந்தவன் என்னும் இறைத்திருநாமம். அலிஃப் கொண்டு எழுதினால், நோவினை தரக்கூடியது. இன்று பல வீடுகளில் ஒலிக்கும் ‘மின்ஹா’ என்ற பெயரும் அப்படித்தான். அழுத்தமான ஹாவுடன் எழுதினால் அன்பளிப்பு. மெல்லிய ஹேயுடன் எழுதினால் ‘அதிலிருந்து’ என்ற வெறும் இடைச்சொல். எனவே இப்பெயருடைய குழந்தைகளின் பெற்றோர் கலங்க வேண்டாம். அரபியில் எப்படி எழுதுவது என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்; அதுவே போதும்.

முன்னோர் விட்டுச் சென்ற பெயர்கள்

நம் கொங்கு மண்ணின் ராவுத்தர் குடும்பங்களில் வழங்கிவந்த பழைய பெயர்களைக் கேட்டு இளைய தலைமுறை நகைக்கிறது. அவற்றின் மூலத்தை அறிந்தால் நகைக்க மாட்டார்கள். ‘மைதீன்’ என்பது முஹ்யித்தீன். தீனுக்கு உயிரூட்டியவர் என்று பொருள். இறைநேசர் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் சிறப்புப் பெயர் அது. ‘ஜெயினுலாபுதீன்’ என்பது ஸைனுல் ஆபிதீன், வணக்கசாலிகளின் அணிகலன். ‘உதுமான் கனி’யில் உள்ள கனி, நாம் உண்ணும் கனியன்று, செல்வர் என்னும் பொருளுடைய ‘கனிய்யு’ என்ற அரபுச் சொல். தமிழ்க் காதுக்கு அதுவும் இனிக்கிறது என்பது நமக்குக் கிடைத்த கூடுதல் பேறு!

‘பக்கீர்’ என்றால் ஏழை. இறைவனின் பால் தேவையுடையவன். இந்தப் பணிவான பெயர், 2002 முதல் 2007 வரை நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த அவுல் பக்கீர் ஜைனுலாப்தீன் அப்துல் கலாம் அவர்களின் முழுப் பெயரில் வீற்றிருந்தது. பெயரின் எளிமை யாரையும் தாழ்த்திவிடவில்லை.

‘வேண்டாம்’ என்றொரு பெயர்

பெயரால் ஒரு குழந்தைக்கு அநீதி இழைக்கவும் முடியும். நம் தமிழகத்திலேயே, ஆண் குழந்தையை எதிர்பார்த்து ஏமாந்த பெற்றோர் பெண் குழந்தைக்கு ‘வேண்டாம்’ என்றே பெயரிடும் வழக்கம் சில கிராமங்களில் இருந்துவந்தது. திருத்தணிக்கு அருகில் உள்ள நாராயணபுரத்தைப் பற்றி 2019-இல் நாளேடுகளில் செய்தி வந்ததைப் பலரும் படித்திருப்பீர்கள். மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்தில் ‘நகுஷா’, அதாவது வேண்டாதவள் என்று பெயரிடப்பட்டிருந்த 285 சிறுமியர், 2011 அக்டோபரில் ஒரே விழாவில் புதிய பெயர்களைப் பெற்றார்கள்.

பெண் பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப் போகும் மனிதனைச் சூரா நஹ்ல் கண்டிக்கிறது. நம் வீடுகளில் அப்படிப் பெயர் வைப்பதில்லை என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால், மூன்றாவதும் பெண் என்றவுடன் பெயர் தேடும் ஆர்வமே இல்லாமல், யாரோ சொன்னதை எழுதிக்கொடுத்துவிட்டு வருகிறோமே, அதுவும் சொல்லாமல் சொல்லும் ‘வேண்டாம்’ அல்லவா? சிந்தித்துப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பிறந்த அன்றே பெயர் சூட்டலாம். தம் மகன் இப்ராஹீமுக்கு நபி (ஸல்) அவர்கள் அவ்வாறே செய்தார்கள். ஏழாம் நாள் அகீகாவுடனும் சூட்டலாம். அதற்குள் பொருளை ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். மருத்துவமனையில் அவசரப்பட்டு எழுதிக்கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. பிறப்பை 21 நாட்களுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளலாம். அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரை வாய்ப்புண்டு.

எழுதும் எழுத்திலும் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றில் ‘முகமது’, பள்ளியில் ‘முஹம்மத்’, கடவுச்சீட்டில் வேறொன்று என்றிருந்தால், ஹஜ்ஜுக்கும் வேலைக்கும் புறப்படும் நாளில் பிள்ளை அலைய நேரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று அறிவித்தபோது எத்தனை பேர் தவித்தார்கள்! தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதுவது நல்லது. பிள்ளைகளைத் தந்தையரின் பெயரோடு இணைத்து அழைப்பதுதான் குர்ஆன் காட்டிய முறையும் ஆகும்.

அப்துர் ரஹ்மானை ‘ரஹ்மானே’ என்றும், அப்துர் ரஜ்ஜாக்கை ‘ரஜ்ஜாக்கே’ என்றும் தெருவில் நின்று கூவும் பழக்கத்தையும் விட்டொழிப்போம். ரஹ்மானும் ரஜ்ஜாக்கும் படைத்தவனின் திருநாமங்கள். அடிமை என்ற சொல்லை நீக்கிவிட்டு அப்பெயர்களால் அடியானை அழைப்பது முறையன்று.

அன்புச் சகோதரர்களே! அந்த இளைஞரிடம், “உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள்?” என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, “அத்தாவுக்குத் தம் தாயாரின் பெயரை வைக்க ஆசை. ‘ஜெய்த்தூன்’ என்பது பழைய பெயர், ஹஜ்ரத், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்வார்கள்” என்றார். ஜெய்த்தூன் என்றால் ஒலிவ மரம். சூரா அத்தீனில் அல்லாஹ் அதன் மீது சத்தியம் செய்கிறான். சூரா அந்நூரில் அதைப் பரக்கத் பொருந்திய மரம் என்கிறான். இதை விளக்கியபோது அந்த இளைஞர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் அகீகாவுக்கு என்னை அழைத்தார்கள். குழந்தைக்கு ஜெய்த்தூன் என்றே பெயர் சூட்டினோம். மூலையில் அமர்ந்திருந்த அந்த மூதாட்டி, “என் பெயருக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதை இத்தனை வயதுக்கு யாரும் எனக்குச் சொன்னதில்லையே, இன்னொரு முறை சொல்லுங்கள் ஹஜ்ரத்” என்றார்கள். மீண்டும் சொன்னேன். அவர்கள் கண்கள் கலங்கின.

இன்று இல்லம் திரும்பியதும் உங்கள் பிள்ளைகளை அருகில் அழையுங்கள். அவரவர் பெயரின் பொருளை எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் கேட்டறிந்து சொல்லுங்கள். தன் பெயரின் பொருளை அறிந்த பிள்ளை, அதற்கேற்ப வாழவும் முயலும்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததிகளை நற்பெயர் உடையவர்களாகவும், அப்பெயருக்கேற்ற நற்குணம் உடையவர்களாகவும் ஆக்கி அருள்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.