மீன்வளமும் மக்கள் கல்வியும்

மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று கேட்பது நம் வழக்கம். குஞ்சுக்குக் கற்பிக்க வேண்டுவதில்லைதான். ஆனால் அக்குஞ்சு வளர்ந்து முட்டையிடும் முன்னரே அதனைக் கூறு கட்டி விற்பதும், மலிவாகக் கிடைத்ததென்று மகிழ்ந்து வாங்குவதும் மனிதராகிய நாம் அல்லவா? ஆகவே கற்க வேண்டிய பாடம் நம்முடையது. அப்பாடத்தைப் பற்றியே இன்று நேயர்களுடன் சிறிது பேச விழைகின்றோம்.

கடல் வற்றாதது, ஆதலின் மீனும் வற்றாதது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் தவறென்பதை நமது நாட்டின் மேலைக் கடற்கரையில் ஓர் எளிய மீன் நமக்கு உணர்த்தியது. அதுதான் மத்தி. குமரிப் பகுதியில் சாளை என்பர். கேரளத்தில் செல்வர் வீட்டிலும் குடிசையிலும் ஒருங்கே மணக்கும் மீன் இது. 2012ஆம் ஆண்டில் கேரளக் கரையில் இறங்கிய மத்தி ஏறத்தாழ 4 லட்சம் டன். 2021ஆம் ஆண்டில் இறங்கியதோ 3,297 டன்தான். நூறு கூடை வந்த இடத்தில் ஒரு கூடைகூட நிறைவாக வரவில்லை என்பது இதன் பொருள். கொச்சியிலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் எடுத்த கணக்கு இது. 1947இல் தோன்றி, நமது மண்டபத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிப் பின்னர் 1971இல் கொச்சிக்குச் சென்ற நிலையம் அது.

மத்தி குறைந்ததற்கு மனிதன் மட்டுமே காரணம் என்று கூறிவிடலாகாது. கடல் நீரின் வெப்பமும், பருவமழையின் போக்கும், மீனுக்கு உணவாகும் நுண்ணுயிர்களின் பெருக்கமும் ஆண்டுக்காண்டு மாறுபடுகின்றன. அவற்றோடு மத்தியும் பெருகும், குறையும். ஆயினும், இயற்கை குறைக்கும் காலத்தில் நாமும் குஞ்சுகளை வாரினால், மீண்டும் பெருகுவதற்கு விதை எங்கே இருக்கும்? வானத்தை நாம் ஆள முடியாது. வலையின் கண்ணையும் நமது கூடையையும் ஆளலாம். பின்னர் மத்தி திரும்பி வந்தது உண்மையே. ஆனால் அதனோடு குஞ்சு மத்தியும் கரைக்கு வரத் தவறவில்லை.

இந்தக் கவலை புதியதும் அன்று. மலபார் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த நாளில், 1940களில், மத்தி பெரிதும் குறைந்தது. அப்பொழுது சென்னை அரசாங்கத்தார் குஞ்சு மத்தியைப் பிடிப்பதைக் கட்டுப்படுத்த விதிகள் செய்தனர். அவ்விதிகள் நெடுநாள் நிலைக்கவில்லை. கரை நெடுக ஆயிரக்கணக்கான வள்ளங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காவலரை நிறுத்துவது இயலுமா? விதியின் பயனை மக்கள் உணராத இடத்தில் அது ஏட்டிலேயே தங்கிவிடும் என்பதற்கு அஃது ஓர் எடுத்துக்காட்டு.

இக்காலத்தில் விதிகள் மிகுந்துள்ளன. கீழைக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், மேலைக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும் விசைப்படகுகள் மீன்பிடித்தல் பொதுவாக நிறுத்தப்படுகிறது. கேரளத்தில் 1988 முதலே மழைக்காலத்தில் இழுவலைக்குத் தடை உண்டு. அத்துடன் 2015ஆம் ஆண்டில் 14 வகை மீன்களுக்கும், 2017இல் மேலும் பலவற்றைச் சேர்த்து மொத்தம் 58 வகைகளுக்கும், இந்நீளத்துக்குக் குறைந்ததைப் பிடிக்கலாகாது என்று அம்மாநில அரசு வரையறை செய்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். கானாங்கெளுத்திக்கு 14 சென்டிமீட்டர். வாளைக்கு 46 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளைகளின் பையில் இருக்கும் 15 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றே மத்தியையும் கானாங்கெளுத்தியையும் அளந்து பார்க்கப் போதும். இவ்வளவு எளிய அறிவு, துறைமுகத்து அதிகாரியிடம் இருக்கிறது. மீன் வாங்கும் இல்லத்தாரிடம் இருக்கிறதா?

இக்கேள்வி எங்களுக்கு எழுந்த விதத்தைக் கூறுவோம். ஒரு சமயம் எர்ணாகுளத்தில் சில நாள் தங்கியிருந்தோம். காலையில் சந்தைக்குச் சென்றபோது, நடுவயதுடைய அம்மையார் ஒருவர் விரலளவு மத்தியைக் குவித்து வைத்து, அரை விலைக்குக் கூவி விற்றுக்கொண்டிருந்தார். நாங்களும் இரண்டு கூறு வாங்கிவிட்டோம். வாங்கிய பின்னரே ஐயம் தோன்ற, “சேச்சி, இவை குஞ்சுகள் அல்லவா? இவற்றை விற்கலாமா?” என்று கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. மலையாளத்தில் அவர் கூறிய மறுமொழியின் கருத்து இது: “ஏலத்தில் பெட்டி பெட்டியாகத்தான் எடுக்கிறேன். மேலே பெரிய மீன், அடியிலே இது. அடியில் இருப்பதை நான் கொட்டிவிட்டால் அந்தக் காசை யார் தருவார்? நீங்கள் வாங்கிவிட்டுக் கேட்கிறீர்கள். வாங்கும் முன்னால் கேட்டிருந்தால், நாளைக்கு நான் ஏலக்காரரிடம் கேட்பேன்.”

எங்களுக்கு நாணமாயிற்று. அந்த அம்மையார் கடன் வாங்கி ஏலத்தில் பெட்டி எடுப்பவர். மாலைக்குள் விற்றுத் தீர்த்தால்தான் மறுநாள் முதல் உண்டு. குஞ்சு மீனை வெறுத்து ஒதுக்குக என்று அவருக்கு மட்டும் அறம் உரைப்பது எளிது. அதன் நட்டமோ அவர் ஒருவர் தலையில் விழும். கடலிலே அதிகாரிகள் படகைப் பிடித்தால் அபராதம் விதிக்கின்றனர். குஞ்சு மீனைக் கடலிலேயே கொட்டச் செய்கின்றனர். செத்த மீன் கொட்டப்படுவதால் உயிர் பெறுமா? ஆகவே தடுக்க வேண்டிய இடம் வலை விரிக்கும் முன்னர்தான். வலை விரிப்பவன் கரையில் கிடைக்கும் விலையை எண்ணியே விரிக்கிறான். அந்த விலையை முடிவு செய்வதில் சந்தைக்குச் செல்லும் நமக்கும் பங்குண்டு.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்குதல் வேண்டும். சிறிய மீன் எல்லாம் குஞ்சு மீன் ஆகா. நெத்திலி முதிர்ந்தாலும் சிறிதே. அதனை உண்பதில் குற்றமில்லை. விரலளவு மத்தியோ முதிராத குஞ்சு. ஓராண்டு பொறுத்தால் முட்டையிடும் தாய். அவ்வாறே, பெரிய மீன் ஒன்றையே நாடுவதும் நன்றன்று. ஊரார் அனைவரும் வஞ்சிரமும் வாவலுமே வேண்டுமென்றால் அவ்விரண்டும் விலையேறும். வலைகள் அவற்றையே துரத்தும். பருவத்தில் மிகுதியாக வரும் பல வகை மீன்களை மாற்றி மாற்றி உண்பதே கடலுக்கும் நலம், நமது பணப்பைக்கும் நலம். குழந்தைகளுக்குப் பள்ளியில் ஒரு படமும் ஓர் அளவுகோலும் கொடுத்து ஒரு மணி நேரத்தில் இதனைக் கற்பித்துவிடலாம்.

நம் நாட்டு மக்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு புதிதல்ல. மராட்டியக் கரையின் கோலி மக்கள் மழைக்காலத்தில் கடலுக்குச் செல்லாதிருந்து, ஆவணித் திங்களையொட்டி வரும் நாரளி பௌர்ணமி நாளில் கடலுக்குத் தேங்காய் படைத்த பின்னரே புதிதாகப் படகு இறக்குவது மரபு. வங்கத்திலோ, கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றில், ஐப்பசியையொட்டி வரும் இலட்சுமி பூசைக்குப் பின் தை மாசிகளில் வரும் சரசுவதி பூசை வரையில் இலிஷ் மீனை உண்பதில்லை என்னும் வழக்கம் இருந்தது. நாம் உள்ளம் என்று அழைக்கும் மீன்தான் அது. ஆற்றில் ஏறி முட்டையிட்ட மீனும், பொரித்த குஞ்சும் கடலுக்குத் திரும்ப அந்த ஓய்வு உதவும். பாட்டி சொன்ன நோன்பாக இருந்தபோது அதைக் காக்கக் காவலர் தேவைப்படவில்லை. இன்று 23 சென்டிமீட்டருக்குக் குறைந்த இலிஷைப் பிடிக்கவும் விற்கவும் மேற்கு வங்க அரசு தடை விதித்துள்ளது. அத்தடை இருந்தும், ‘கோகா இலிஷ்’ என்று செல்லப் பெயரிட்டுச் சிறிய மீனைச் சந்தையில் விற்பதும் வாங்குவதும் நிகழ்கின்றன. சட்டம் வந்தது, நோன்பு போயிற்று. இரண்டும் சேர்ந்திருக்க வேண்டியவை அல்லவா?

அவ்வாறு சேர்ந்து நின்றதற்கு ஒரு நல்ல சான்று கொல்லத்திலுள்ள அஷ்டமுடிக் காயல். அங்கே மட்டி எடுத்தல் ஆயிரக்கணக்கானோருக்குப் பிழைப்பு. 1980களில் அயல்நாடுகளுக்கு மட்டிச் சதை ஏற்றுமதியாகத் தொடங்கவே, போட்டியிட்டு வாரினர். 1991இல் 10,000 டன்னை எட்டிய விளைவு 1993இல் பாதியாகக் குறைந்தது. அப்பொழுது ஆராய்ச்சி நிலையத்தார் காயற்கரைக்குச் சென்று, மட்டி முட்டையிடும் பருவம் எது, எவ்வளவு வளர்ந்த பின் எடுத்தால் இனம் தழைக்கும் என்பவற்றை எடுத்துரைத்தனர். மட்டி எடுப்போரும் செவிசாய்த்தனர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை. குறித்த அளவுக்குக் குறைந்த கண்ணுடைய வலையைப் பயன்படுத்துவதில்லை. சிறிய மட்டியை வணிகரும் வாங்குவதில்லை என முடிவாயிற்று. கடைசியாகச் சொன்னதை நேயர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். எடுப்பவரோடு வாங்குபவரும் கட்டுப்பட்டதனால்தான் விதி உயிர் பெற்றது. 2014ஆம் ஆண்டில், வளங்குன்றாத மீன்பிடிப்புக்கு உலக அளவில் சான்று வழங்கும் கடல்சார் பாதுகாப்பு மன்றத்தின் சான்றிதழை இந்தியாவிலேயே முதன்முதலாக அக்காயல் பெற்றது. அதனால் என்றென்றைக்கும் கவலை தீர்ந்துவிடவில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே மட்டி மறுபடியும் குறைந்தமையால், ஆராய்ச்சி நிலையத்தார் குஞ்சு மட்டிகளைக் காயலில் விதைக்கும் முயற்சியை மேற்கொண்டுள்ளனர். நன்செய் நிலத்தைப் போலவே நீர்நிலையும் ஆண்டுதோறும் பேண வேண்டியதே.

கல்வி ஒரு கண் என்றால், நேர்மையான உள்ளூர் விற்பனை மற்றொரு கண். முன்னாளில் திருவனந்தபுரத்துக் கரையில் மீனவர், வணிகரிடம் முன்பணம் பெற்று, பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் நிலையில் இருந்தனர். கடன் கழுத்தை நெரிக்கும்போது குஞ்சு, தாய் என்று பார்க்க எவருக்கு மனம் வரும்? இதனை மாற்ற மரியநாடு முதலிய ஊர்களில் மீனவர் சங்கங்கள் தோன்றின. கரையிலேயே தமது ஏலத்தைத் தாமே நடத்தி, கடனையும் தமக்குள்ளேயே ஏற்பாடு செய்துகொண்டன. 1980இல் அவை தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக இணைந்தன. நமது குமரி மாவட்டத்துச் சங்கங்களும் அதில் உண்டு. 1984 முதல் மத்ஸ்யபெட் என்னும் கூட்டுறவு இணையமும் கேரளத்தில் இயங்கி, மீன் கடைகளையும் நடத்தி வருகிறது. ஏலம் மீனவர் கையில் இருக்கும் இடத்தில், பெரிய மீனுக்கு நல்ல விலை, குஞ்சுக்கு விலையே இல்லை என்று முடிவு செய்வது எளிதாகும். பெட்டியின் அடியில் ஒளியும் குஞ்சும் அங்கேயே வெளிப்படும். எர்ணாகுளத்து அம்மையாரின் நட்டம் அவ்வாறுதான் நீங்கும்.

விற்கும் பெண்டிரையும் நாம் மறக்கலாகாது. தலைச்சுமையாய் மீன் கொண்டு வீடுதோறும் செல்லும் பெண்களே கடலுக்கும் அடுக்களைக்கும் இடையே பாலம். மீன் கூடையோடு பேருந்தில் ஏறவிடாது அவர்களை இறக்கிவிட்ட கதைகள் பல. 2021ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் அவர்களுக்கென்றே ‘சமுத்ரா’ என்னும் கட்டணமில்லாப் பேருந்துகளைக் கேரள அரசு ஓடச் செய்தது. இது சிறு உதவியே, ஆயினும் பொருளுடையது. எந்த மீன் எந்தக் கரையில் என்று பிடிபட்டது என்பதை அப்பெண்களைப் போல் அறிந்தவர் யார்? மக்கள் கல்விக்கு அவர்களையே ஆசிரியராக்குதல் வேண்டும்.

படித்த இளைஞரும் வாளாவிருக்கவில்லை. ‘நோ யுவர் ஃபிஷ்’ என்னும் பெயரால் 2017இல் தொடங்கிய ஒரு தொண்டு முயற்சி, மேலைக் கரை மீன்களில் எந்தத் திங்களில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று நாட்காட்டி வகுத்துத் தருகிறது. பாட்டியின் நோன்பு அச்சேறி வந்ததென்றே இதனைக் கொள்ளலாம். ஒவ்வொரு மாநிலத்திலும், அவ்வவ்வூர் மீன்களின் பெயரோடும் படத்தோடும், மீன் சந்தையின் சுவரிலும் பள்ளியின் சுவரிலும் இத்தகைய நாட்காட்டி இடம்பெற வேண்டும் என்பது எங்கள் விருப்பம்.

நேயர்கள் செய்யக்கூடியது பெரிதொன்றுமில்லை. பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இஃது என்ன மீன்? எங்கே பிடித்தது? வளர்ந்ததா, குஞ்சா? இம்மூன்றையும் இன்முகத்தோடு கேளுங்கள். வளர்ந்த மீனுக்குச் சிறிது மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தால் மனம் சுருங்க வேண்டா. நீங்கள் கேட்டதை விற்பவர் மறுநாள் விடியலில் ஏலத்தில் கேட்பார். ஏலக்காரர் படகுக்காரரைக் கேட்பார். படகுக்காரர் தமது வலையின் கண்ணைப் பார்ப்பார். நாங்கள் எர்ணாகுளத்திலே வாங்கிய பின்னர் கேட்டோம். நேயர்களாகிய நீங்கள் வாங்கும் முன்னரே கேட்பீர்களாக.