முக்கோணமும் திரிபுஜமும்



தமிழில் முக்கோணம் என்று வழங்கும் உருவத்தை இந்தியில் திரிபுஜம் என்பர். தமிழ்ப் பெயர் மூன்று கோணங்களைச் சுட்டுகிறது. மற்றது மூன்று புயங்களை, அதாவது பக்கங்களைச் சுட்டுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதிப் பழகியவர்கள். பக்கம் எவ்வாறு கோணமாகிறது என்பதைத் தில்லியில் நம் மகளின் வீட்டுக்கணக்கு ஒன்றே நமக்கு உணர்த்தியது.

கணக்கு இதுதான்: ஒரு முக்கோணத்தில் இரு கோணங்களைக் கொள்க. ஒவ்வொன்றின் கொசைனையும் அதன் எதிர்ப்பக்கத்தால் பெருக்குக. இரு பெருக்கற்பலன்களும் சமமாயின், அது எத்தகைய முக்கோணம்?

"இருசமபக்க முக்கோணம்" என்று அவள் எழுதியிருந்தாள். நூலின் விடையிலோ "அல்லது செங்கோண முக்கோணம்" என்றும் இருந்தது. "அப்பா, இந்த 'அல்லது' எங்கிருந்து வந்தது?" என்றாள். அவள் இந்தியில் பயில்பவள், நாமோ கலைப்பட்டதாரி. நழுவிவிடலாமா என்று எண்ணினோம்; ஆயினும் அருகில் அமர்ந்தோம்.

பக்கங்கள் தம் எதிர்க்கோணங்களின் சைன்களுக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது சைன் விதி. எனவே பக்கத்தின் இடத்தில் சைனை வைக்கலாம். இப்போது இருபுறமும் சைனும் கொசைனும் பெருகி நிற்கின்றன. அப்பெருக்கத்தின் இருமடங்கு, இருமடங்குக் கோணத்தின் சைனே என்பது முற்றொருமை. ஆகவே, இருமடங்காக்கிய இரு கோணங்களின் சைன்களும் சமம்.

இங்கேதான் கவனம் வேண்டும். 30 பாகைக்கும் 150 பாகைக்கும் சைன் ஒன்றே. சைன்கள் சமமாயின், கோணங்கள் சமமாகலாம். அன்றிக் கூடி 180 பாகையும் ஆகலாம். நம் முக்கோணத்தில் இவ்விரண்டன்றி வேறு வழியில்லை. முன்னதில் கோணங்கள் சமம். எனவே பக்கங்களும் சமம். பின்னதில் அவ்விரு கோணங்களும் கூடி 90 பாகை. எஞ்சிய கோணம் செங்கோணம்.

3, 4, 5 என்னும் பக்கங்களைக் கொண்டு சோதித்தோம். 3-க்கு எதிர்க்கோணத்தின் கொசைன் 4/5. 4-க்கு எதிர்க்கோணத்தின் கொசைன் 3/5. இரு பெருக்கற்பலன்களும் 12/5. பக்கங்களோ சமமல்ல! மகள் தானே அந்த 'அல்லது'வை எழுதினாள்.

ஒரு சொல்லுக்கு இரு பொருள் இருக்க, ஒன்றை மட்டும் எழுதுவது மொழிபெயர்ப்பிலும் பிழையே.

பாடமொழி வேறென்று பிள்ளைகளின் கணக்கிலிருந்து நாம் விலகிவிடுகிறோம். அருகில் அமர்ந்து, "ஏன்? வேறு வழி உண்டா?" என்று கேட்கத் தமிழே போதும்.