காணிக்கையை யார் கையில் கொடுப்பது?

போன வாரம் ஒரு அக்கா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாங்க. தம்பி வேலையை விட்டுட்டான், ராத்திரி எங்க போறான்னே தெரியல, சர்ச்சுக்குக் கூப்பிட்டா முறைக்கிறான்னு.

அக்கா, உங்களுக்காக ஒரு நியூயார்க் கதை. 1958. டேவிட் வில்கர்சன், பென்சில்வேனியாவில் ஒரு சின்ன ஊர்ப் போதகர். கொலை வழக்கில் நின்ற பையன்களைப் பார்க்கணும்னு கோர்ட்டுக்குப் போய், வெளியே தள்ளப்பட்டார். பைபிளோடு அவர் நின்ற போட்டோ பேப்பர்ல வந்தது. பெரிய அவமானம். ஆனா தெருவில் இருந்த கேங் பசங்க, போலீஸுக்கு உன்னையும் பிடிக்கலையா, அப்போ நீ நம்ம ஆளுன்னு சேர்த்துக்கிட்டாங்க.

புரூக்ளின் மாவ் மாவ் கேங் தலைவன் நிக்கி குரூஸ் மட்டும் மசியல. கிட்ட வந்தா கொன்னுடுவேன்னான்.

அந்த ஜூலையில் ஒரு பெரிய கூட்டம். காணிக்கை எடுக்க வில்கர்சன் அந்த கேங்கையே கூப்பிட்டார்! புதுசா சேர்ந்தவனுக்கு முதல் நாளே ப்ரொடக்‌ஷன் பாஸ்வேர்ட் கொடுக்கிற மாதிரி. பணத்தோட திரைக்குப் பின்னால போய் மேடைக்கு வரணும். பின்னால வெளியே போக ஒரு கதவு. கூட்டத்தில் சிரிப்பு. பசங்க ஓடல. பணம் மேடைக்கு வந்தது. பிரசங்கம் அதுக்கு அப்புறம்தான். அன்னைக்கே நிக்கி முழங்கால் போட்டான். பின்னாடி அவரே ஊழியரானார்.

போதைப் பழக்கம் இருந்தா டாக்டர் கண்டிப்பா வேணும். ஜெபம் மட்டும் போதும்னு நான் சொல்லமாட்டேன்.

அக்கா, இந்த வாரம் தம்பிக்கு வசனம் ஃபார்வர்ட் பண்ணாதீங்க. அம்மாவோட மருந்துச் சீட்டையும் காசையும் கொடுத்து அனுப்புங்க. வந்ததும் சில்லறையை எண்ணாதீங்க.