மாட்டுக்கு என்ன ஊசி போட்டீங்க?

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் மாயாறு ஓரத்துக் குழு ஒன்றின் சார்பில் பேசியது)

சேமிப்பு, உள்கடன், வங்கிக்கடன் பற்றியெல்லாம் மற்ற குழுக்கள் பேசிட்டாங்க. நாங்க பிணந்தின்னிக் கழுகைப் பற்றிப் பேச வந்திருக்கோம். சிரிக்காதீங்க. இதுவும் கறவைமாட்டுக் கடன் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

நீலகிரி மலைக்குக் கீழே மாயாறு ஓடுற பள்ளத்தாக்கு எங்க பக்கம். ஒரு பக்கம் முதுமலைக் காடு, கீழே போனா சத்தியமங்கலம் காடு. ஆற்றோரத்து நீர்மத்தி மரத்துல பாறு கூடு கட்டும். கழுகுன்னு நாம சொன்னாலும் பாறுங்கிறதுதான் இதோட பழைய பேரு. வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். அதனால ஒண்ணு செத்தா, அந்த இடம் நிரம்ப ரொம்ப நாளாகும்.

எங்க பாட்டிமார் காலத்துல, மாடு செத்தா வானமே கறுத்துப் போகுமாம். 1990களுக்குப் பிறகு இந்தியா முழுக்கவே அந்தக் கூட்டம் காணாமல் போச்சு. காரணம் டைக்ளோஃபெனாக்னு 2004ல் கண்டுபிடிச்சாங்க. மாட்டுக்கு வலி, வீக்கம்னா போடுற ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாள்ல செத்தா மருந்து உடம்பிலேயே தங்கிடுது. அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டு, சில நாள்ல உயிர் போயிடும். ஒரு மாட்டைப் பத்து இருபது பறவை சேர்ந்து தின்னும், பாருங்க.

2006ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணினாங்க. ஆனா மனுஷங்களுக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போடுறது நிக்கலை. அதனால 2015ல் 3 மில்லிக்கு மேல் புட்டியே கூடாதுன்னாங்க. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும் 2023ல் மாட்டுக்குத் தடை ஆச்சு.

வெட்கத்தை விட்டுச் சொல்றோம், நாங்களும் அந்தத் தப்பைச் செய்தவங்கதான். எழுந்திருக்க முடியாமல் கிடந்த மாட்டுக்கு மெடிக்கல் கடையில் ஊசி வாங்கிப் போட்டோம். மாடு பிழைக்கலை. பள்ளத்துல தள்ளிட்டு வந்துட்டோம். எத்தனை பறவை தின்னுச்சோ.

இன்னொரு சம்பவம். எங்க உறுப்பினர் ஒருத்தர் குழுக்கடன்ல வாங்கிய மாட்டைப் புலி அடிச்சுடுச்சு. பத்துத் தவணை பாக்கி. ஆத்திரத்துல அவங்க வீட்டுக்காரர் பூச்சிமருந்து டப்பாவோட கிளம்பிட்டார். புலி திரும்பி வரும், தின்னு சாகட்டும்னார். தப்புன்னு எப்படிச் சொல்றது? நட்டம் அவருக்குத்தானே. நாங்க ஏழு பேர் போய் மாட்டுக்கிட்டேயே உட்கார்ந்துட்டோம். புலிக்கு வைக்கிற விஷம் நரிக்கும் நாய்க்கும் பாறுக்கும்தான் முதல்ல போகும், வழக்கும் வரும், நட்டஈடும் கிடைக்காதுன்னு பேசிப் பேசி, இருட்டுறதுக்குள்ள டப்பாவை வாங்கினோம். மறுநாள் வனத்துறைக்குத் தகவல் சொல்லி, மாட்டு டாக்டர் சான்று வாங்கி மனு கொடுத்தோம். பணம் வர மாசக்கணக்காச்சு. அதுவரை தவணையைக் குழு நிதியிலிருந்து கட்டினோம். அது இல்லேன்னா எங்க பேச்சை யார் கேட்டிருப்பா?

அதுக்கப்புறம் தீர்மானப் புத்தகத்துல எழுதிட்டோம். மாட்டுக்கு ஊசி போட்டா, காலிப் புட்டியைக் கூட்டத்துக்குக் கொண்டு வரணும். பெயரை எங்க ஊக்குநர் படிச்சுச் சொல்வார். வலிக்கு மெலாக்சிகாம் கேட்கிறோம். அது பாறுக்குக் கெடுதல் இல்லைன்னு பரிசோதிச்சிருக்காங்க. டாக்டர்கிட்ட "என்ன ஊசி சார்?"னு கேட்க முதல்ல கூச்சமா இருந்தது. இப்ப அவரே புட்டியைக் காட்டிட்டுத்தான் போடறார். வேற ஊசி போட்டு மாடு செத்தா, ஆழமாக் குழி தோண்டிப் புதைக்கிறோம். குழி தோண்ட ஆள்கூலி கொடுக்கிறதுதான் இன்னும் தகராறா இருக்கு. மூணு குடும்பம் கொடுக்க மாட்டேங்கிறாங்க. அடுத்த புதன்கிழமை கூட்டத்துக்கு அவங்களையும் கூப்பிட்டிருக்கோம்.