கீரைப் பாத்தியும் கருவுற்ற தாயும்

(உழவர் குடும்பங்களுக்கான பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



பயிரின் இலை மஞ்சளித்தால் எந்தச் சத்து குறைந்தது என்று உடனே கேட்கிறீர்கள். வீட்டில் கருவுற்ற பெண் வெளுத்து, நாலு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கினால், 'மாசமாக இருப்பவள், அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம். 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் கருவுற்ற பெண்களில் 100-க்கு 52 பேருக்கு இரத்தச் சோகை இருந்தது. இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் இரத்தப்போக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தையும் எடை குறைந்து பிறக்கக்கூடும்.

பம்பாயில் நடந்த ஆராய்ச்சி

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928-ல் பம்பாய் வந்தார். பிரசவ காலத்தில் தாய்மார்கள் இறப்பதன் காரணங்களை ஆராயும் பணியில், ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் அமர்ந்தார். கருவுற்ற ஏழைப் பெண்கள் பலருக்குக் கடுமையான சோகை இருந்தது. அவர்களுடைய இரத்தத்தில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும், அளவில் பெருத்தும் காணப்பட்டன. இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். எனவே இது வேறு வகை என்று தெரிந்தது.

அம்மையார் இப்பெண்களின் அன்றாட உணவை ஆராய்ந்தார். 1929-ல் நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் பணியாற்றினார். பீர் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் 'மார்மைட்' என்ற விலை மலிவான பொருளைக் கொடுத்தபோது நோயாளிகள் தேறினர். இதை 1931-ல் அவர் வெளியிட்டார். ஈஸ்ட்டில் இருந்த சத்து எது என்று அப்போது தெரியவில்லை. அதனால் அதை 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தனர்.

இலையில் இருந்த சத்து

1941-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் 4 டன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். வில்ஸ் அம்மையார் கண்ட சத்து இதுவே. நாம் விளைவிக்கும் கீரையிலும் பயறு வகைகளிலும் இது நிறைய உண்டு.

குழந்தைக்கும் இது இன்றியமையாதது. மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருத்தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகெலும்புப் பிளவுடன் பிறக்கலாம். முன்பு அத்தகைய குழந்தையைப் பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டதால், மறுபடி அக்குறை வருவது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது என்று 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, கருத்தரித்தது தெரியும்வரை காத்திராமல், மணமானது முதலே பெண்ணின் உணவைக் கவனிக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. கிணற்றடியிலோ வாய்க்கால் ஓரத்திலோ இரண்டு பாத்திகளைக் கீரைக்கு ஒதுக்குங்கள். இரண்டு வார இடைவெளியில் மாற்றி மாற்றி விதைத்தால் வீட்டுக்குத் தொடர்ந்து கீரை கிடைக்கும். வேலியோரம் முருங்கை, அகத்தி நடலாம். பூச்சிமருந்து தெளித்திருந்தால், அதற்குரிய காத்திருப்பு நாட்கள் கழிந்த பின்னரே பறியுங்கள்.

2. உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு அறுவடையானதும் எல்லாவற்றையும் மூட்டை கட்டி விற்றுவிடாமல், வீட்டுக்கு வேண்டியதை முதலில் அளந்து வையுங்கள்.

3. கீரையைக் கழுவிய பின் நறுக்குங்கள். சிறிதளவு நீரில் மூடி வைத்து, அதிக நேரம் கொதிக்க விடாமல் வேகவையுங்கள். இச்சத்து நீரில் கரையும், சூட்டில் அழியும். வேகவைத்த நீரைக் கொட்டாமல் குழம்பிலோ ரசத்திலோ சேருங்கள்.

4. உணவு மட்டும் போதாது. முதல் 3 மாதம் ஃபோலிக் அமில மாத்திரையும், 4-ஆம் மாதம் முதல் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தரப்படுகின்றன. இரண்டாவதைக் கருக்காலத்தில் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் உண்ண வேண்டும். மலம் கறுத்துப் போனால் பயந்து நிறுத்த வேண்டாம். காப்பி, தேநீருடன் மாத்திரையை விழுங்காதீர்கள்.

5. எல்லோரும் உண்ட பிறகு, சட்டியில் மிஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு முதலில் பரிமாறுங்கள். இதற்குச் செலவு ஏதுமில்லை. மாமியாரும் கணவரும் மனம் வைத்தால் போதும்.

நாளைக்குச் சந்தைக்குக் கூடை கட்டும்போது, முதல் கட்டுக் கீரையை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மீதியை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.