பழைய லாரிக்கு என்ன விலை?

திருச்சியில் பால்பண்ணை, அரியமங்கலம் பக்கம் போனால், சாலையோரம் நிற்கும் சில லாரிகளின் கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒரு செல்போன் எண்ணும் போட்டிருப்பார்கள். புதுப் பெயிண்ட், பளபளக்கும் டயர் என்று வண்டி பார்த்ததுமே பிடித்துப்போகும். பல வருடம் இன்னொருவர் வண்டியை ஓட்டி, வீட்டு நகையை அடகு வைத்து, முதன்முதலாகச் சொந்த வண்டி வாங்க வருகிற ஓட்டுநர்கள் உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இன்று பேசுகிறேன்.

ஒரு பத்துச் சக்கர லாரி புதிதில் 30 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் ஓடிய பிறகு அதன் மதிப்பு என்ன? வாடகைக்கு ஓடும் லாரிக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 30 சதவீதம் தேய்மானம். அப்படிக் கழித்து, 5 லட்சத்துச் சொச்சம் என்பார் ஆடிட்டர். இன்சூரன்ஸ்காரர் பாதி போட்டு 15 லட்சம் என்பார். ஒன்று வரிக்கான கணக்கு, இன்னொன்று விபத்துக்கான கணக்கு. வாங்கி ஓட்டுகிறவருக்கு இரண்டுமே உதவாது. இந்த வண்டி இனி எத்தனை வருடம், எவ்வளவு லோடு ஏற்றி, எதுவரை போகும்? அதை வைத்துத்தான் அவர் விலை பேச வேண்டும்.

அதனால் முதலில் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். நேஷனல் பெர்மிட், ஆறு சக்கர லாரிக்குப் பன்னிரண்டு வயது வரைதான். இரண்டு அச்சுக்கு மேல் உள்ள வண்டிகளுக்குப் பதினைந்து. 2014-இல் பதிவான ஆறு சக்கர வண்டிக்கு 2026-இல் அந்தக் கதவு மூடுகிறது. நாசிக் போய் வெங்காயம் ஏற்றி வந்த வண்டி, பிறகு மண்ணச்சநல்லூர் அரிசி, தொட்டியம் வாழைத்தார் என்று உள்ளூர் லோடு தேட வேண்டியதுதான். பத்து வயது வண்டிக்கும் பதினோரு வயது வண்டிக்கும் விலையில் பெரிய இடைவெளி இருப்பது இதனால்தான். எட்டு வயது தாண்டினால் எப்.சி. என்ற தகுதிச் சான்றும் வருடா வருடம் எடுக்க வேண்டும்.

அதே ஆர்.சி.யில் மொத்த எடை எவ்வளவு போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். 2018 ஜூலையில் மத்திய அரசு எடை வரம்பை உயர்த்தியது. பத்துச் சக்கரத்துக்கு 25 டன்னாக இருந்தது 28.5 டன் ஆனது. அந்த மூன்றரை டன் வித்தியாசம் ஒவ்வொரு நடைக்கும் வாடகையில் தெரியும்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கிவிட்டது. வரியோடு 30 லட்சமாக இருந்த புது வண்டியில் அதனால் மட்டும் இரண்டேகால் லட்சத்துக்கு மேல் குறைகிறது. அதற்கு முன்னால் நடந்த விற்பனையைக் காட்டி ஒருவர் விலை சொன்னால், இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். நம் ஊரில் காவிரி, கொள்ளிடம் மணல் அடித்த வண்டிகள் நிறைய. ஈர மணலிலிருந்து வடியும் தண்ணீர் பாடி வழியாக இறங்கி சேஸில் தங்கும். குனிந்து, பாடிக்கு அடியில் சேஸின் ஓரத்தைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். பெயிண்டோடு துருவும் செதில் செதிலாக வந்தால், மேல்பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள். டால்மியாபுரம், அரியலூர் சிமெண்ட் அடித்த வண்டி என்றால் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளையும், அவை சேஸோடு சேரும் இடத்தில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இன்ஜின் சூடாகும் முன்பே, காலையில் போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வரக்கூடாது.

ஓடிய கிலோமீட்டரை மீட்டரில் மட்டும் பார்க்காதீர்கள். ஓராண்டு பாஸ்டேக் ஸ்டேட்மெண்ட் கேளுங்கள். சமயபுரம் சுங்கச்சாவடியை மாதம் எத்தனை முறை தாண்டியது, எந்த மாதங்களில் நின்றுபோனது என்பதெல்லாம் தேதியோடு அதில் இருக்கும். நாணயமாக ஓட்டியவர் தயங்காமல் கொடுப்பார்.

பிறகு கழித்தல் கணக்கு. கேட்கிற விலை 14 லட்சம். பட்டன் தேய்ந்த டயர் ஆறு. ஒன்று 20 ஆயிரம் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். எப்.சி.க்குக் காட்டும் முன் பெயிண்ட், பிரேக், பட்டை வேலைக்கு 80 ஆயிரம். இன்சூரன்ஸுக்கு 50 ஆயிரம். ஆக இரண்டரை லட்சம். உங்கள் பேரம் பதினொன்றரை லட்சத்துக்குக் கீழேதான் தொடங்க வேண்டும். பதினொன்றரைக்கே முடிந்தாலும், பேரத்தில் கழித்த இரண்டரை லட்சத்தையும் நீங்கள்தான் செலவழிக்கப் போகிறீர்கள். ஆக மொத்தம் 14 லட்சம். டீசல், பேட்டா, டோல், ரிப்பேர் எல்லாம் போக மாதம் 35 ஆயிரம் நிற்கும் என்றால், அந்த 14 லட்சம் திரும்ப நாற்பது மாதம் ஆகும். கடன் வட்டி தனி. பெர்மிட்டுக்கு இரண்டே வருடம்தான் மிச்சம் என்றால், பிறகு கிடைப்பது உள்ளூர் வாடகையும் காயலான் கடை விலையும்தான். அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கடைசியாக, விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு புரோக்கரிடம் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்கள் வண்டி ஸ்ரீரங்கத்தில் பதிவான டி.என். 48 ஆனாலும், திருச்சி மேற்கின் டி.என். 45 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். விற்ற பதினான்கு நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பைனான்ஸில் கடன் முடிந்திருந்தால் ஆர்.சி.யில் உள்ள ஹெச்.பி. என்ற கடன் பதிவை நீக்கிவிட்டே வண்டியைக் கொடுங்கள். ஆர்.சி.யில் புது உரிமையாளர் பெயர் ஏறிவிட்டதா என்று பரிவாகன் இணையதளத்தில் நீங்களே ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.